கீழ்நோக்கும் அம்பு

1989 மாரியில் நாங்கள் செயின்ட்-மிஷேலுக்குக் குடிவந்தபோது அம்மாவுக்கு நாற்பது வயது. வன்னியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். ஆங்கில எழுத்துகூடப் பழக்கமில்லை. பிரெஞ்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வந்து ஒரு மாதத்துக்குள் பார்க் நிலையத்துக்குக் கிட்ட ஒரு தையல் பட்டறையில் வேலை கிடைத்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. வேலை தொடங்குவதற்கு முதல் ஞாயிறு அவரை மெற்றோவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வழி காட்டினேன்.

“அம்மா, வட்டத்துக்குள்ள ஒரு அம்பு கீழ பார்த்தபடி இருக்குது. அதைக் கண்டால் படியால இறங்குங்கோ.”

“எல்லா இடத்திலயும் உதே மாதிரித்தான் இருக்குமோ?”

“ஓம், எல்லா இடத்திலயும்.”

“பிறகு மாத்த மாட்டாங்களே?”

அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் சிரித்தேன். மாற்றுவார்களா என்று கேட்பது ஊர்ப் பயம் என்று நினைத்தேன். ஒரு நிறுவனத்தின் படக்குறிகளைப் பற்றி முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்று விளங்குவதற்கு எனக்கு முப்பத்தைந்து வருடம் எடுத்தது.

இலக்கிய இதழில் படக்குறிகளுக்கு என்ன விமர்சனம் என்று வாசகர் நினைக்கக்கூடும். கவிதையையும் நாவலையும் விமர்சிக்கும் நாம், இந்த நாட்டில் முதன்முதல் வாசித்த பிரதி எது என்று யோசித்துப் பார்ப்பதில்லை. பெரும்பாலானோருக்கு அது ஒரு படம்: கதவில் ஆண், பெண் உருவம்; வீதியில் கை காட்டும் விளக்கு; பொட்டலத்தில் குறுக்குக் கோடு போட்ட பன்றி. மொழி வருமுன் அவை வந்தன. அவற்றை வரைந்தவர்கள் யாருக்காக வரைந்தார்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்களா என்று கேட்பதும் விமர்சனத்தின் வேலைதான்.

நமக்கு இந்த விடயம் புதிதும் அல்ல. ‘மார்க்’ என்ற சொல்லை நம் கடைத்தெரு எப்போதோ தனதாக்கிக்கொண்டது. யானை மார்க், சைக்கிள் மார்க் என்று கேட்டுத்தான் சாமான் வாங்கினோம். கம்பனியின் பெயர் பலருக்குத் தெரியாது. அதற்கும் முன்னால் சலவைக்குறி இருந்தது. சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இடும் சின்ன அடையாளம், எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. வன்னியில் அம்மாவின் ஐயாவுக்கு மாட்டுப் பட்டி இருந்தது. அங்கே குறிசுடுதல் வருடாந்தக் காரியம். ஆங்கிலத்தில் ‘பிராண்ட்’ என்ற சொல்லின் அடியிலும் நெருப்புத்தான் இருக்கிறது. சூட்டுக்கோலால் இட்ட அடையாளமே பின்னர் வியாபார அடையாளமானது. ஆக, மொன்றியலில் பெரிய கண்ணாடிக் கட்டடங்களில் இருந்து பேசும் அடையாள ஆலோசகர்களின் கலைச்சொல், அம்மாவின் ஊரில் மாட்டின் தொடையில் இருந்தது.

செயின்ட்-மிஷேல் நிலையம் 1986 ஜூன் 16 அன்று திறக்கப்பட்டது. சரியாக எட்டுக் கிழமைக்குப் பிறகு, ஓகஸ்ட் 11 அன்று, நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்கள் மீட்கப்பட்டார்கள். அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். அடுத்து வந்த வருடங்களில் இந்த நகரத்துத் தமிழர் குடியேறிய பார்க்-எக்ஸ்டென்ஷனும் கோட்-டெ-நேஜும் இதே நீலக் கோட்டில்தான் இருக்கின்றன. கோட்டின் மேற்கு முனை ஸ்னோடன், கிழக்கு முனை செயின்ட்-மிஷேல். ஒரு சமூகமும் ஒரு ரயில் கோடும் சம வயதில் வளர்ந்தன என்று சொன்னால் அது மிகையில்லை.

அந்த மெற்றோவின் படக்குறி ஒழுங்கை ஒரு படைப்பாக வைத்துப் பார்ப்போம். மெற்றோ 1966 ஒக்டோபர் 14 அன்று திறந்தது. நீல நிறப் பின்னணி, வெள்ளை வட்டம், அதற்குள் கீழ்நோக்கிய வெள்ளை அம்பு. அவ்வளவுதான். அதில் ரயில் இல்லை, எழுத்தில்லை, நகரத்தின் கொடியில்லை. இங்கே இறங்கு என்ற ஒரு வினைச்சொல் மட்டும் இருக்கிறது. எந்த மொழிக்காரனும் அதைத் தன் மொழியில் வாசிக்கலாம்.

இதில் நான் மிகவும் மதிப்பது வரைந்த கையை விட, அதற்குப் பிறகு அதைத் தொடாமல் விட்ட கைகளை. மெற்றோவை நடத்தும் நிறுவனத்தின் பெயர் அந்த நாள் தொட்டு மூன்று முறை மாறியிருக்கிறது. தொடக்கத்தில் சி.டி.எம்.; 1970-இல் சி.டி.சி.யு.எம்.; 1985-இல் எஸ்.டி.சி.யு.எம்.; 2002 முதல் எஸ்.டி.எம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம், ஒரு கடிதத்தாள், ஒரு பஸ் வண்ணம். ஆனால் படியின் தலைப்பில் நின்ற அம்பு நின்றபடியே நின்றது. நிறுவனம் தன் சட்டையை மாற்றியது. பயணியின் குறியை மாற்றவில்லை. தனக்குரிய அடையாளம் எது, பயணிக்குரிய அடையாளம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த நிர்வாகம் அரிது.

கோடுகளுக்கான இலக்கங்களிலும் இதே ஒழுக்கம் உண்டு. பச்சை 1, செம்மஞ்சள் 2, மஞ்சள் 4, நீலம் 5. மூன்றாம் கோடு திட்டத்தில் இருந்தது, கட்டப்படவில்லை. அந்த இலக்கத்தை வேறெதற்கும் கொடுக்கவும் இல்லை. இப்போதைய சந்தைப்படுத்தல் அதிகாரி ஒருவர் இதைப் பார்த்தால் இடைவெளி அசிங்கம் என்று நிரப்பச் சொல்வார். நிரப்பியிருந்தால், ஐந்து என்று பழகியவர்கள் ஒருநாள் காலையில் நான்கில் நின்றிருப்பார்கள்.

கியூபெக்கில் இதற்கு ஒரு சட்டப் பின்னணியும் இருக்கிறது. 1977-இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனம், நாம் 101-ஆம் சட்டம் என்று அறிந்தது, கடைப்பலகை விடயத்தில் நம்மவர்களுக்குக் கொடுத்த தலையிடி கொஞ்சநஞ்சமல்ல. அதே சாசனத்தின் 29-ஆம் பிரிவு, போக்குவரத்துப் பலகைகளில் பிரெஞ்சு மட்டும் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்த வாசகத்துக்குத் துணையாகவோ பதிலாகவோ படக்குறிகளைப் பயன்படுத்தலாம் என்கிறது. இரண்டு பெரிய மொழிகளின் சண்டைக்கு நடுவே படத்துக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தில்தான் ஆங்கிலமும் பிரெஞ்சும் அறியாத என் அம்மா போன்றவர்கள் கால் வைத்தார்கள்.

குறையும் உண்டு. மொன்றியல் மெற்றோ திசையைக் கடைசி நிலையத்தின் பெயரால் சொல்கிறது. பெயரை வாசிக்கத் தெரியாதவருக்கு இரண்டு மேடைகளும் ஒன்றுதான். நிலையத்துக்கென்று படமும் இல்லை. 1969-இல் திறந்த மெக்சிகோ நகர மெற்றோ, மொன்றியலைப் போலவே ரப்பர் சில்லில் ஓடுவது, இந்த இடத்தில் ஒரு படி மேலே போனது. லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளரின் கைவண்ணத்தில் அங்கே நிலையம் ஒவ்வொன்றுக்கும் தனிப் படக்குறி வந்தது. எழுத்தறியாதவர் ‘வெட்டுக்கிளியில் இறங்கு’ என்று சொல்லி அனுப்பலாம். மொன்றியல் அதற்குப் பதிலாக நிலையங்களில் கலைப்படைப்புகளை வைத்தது. அழகுதான். ஆனால் கலைப்படைப்பை வரைபடத்தில் தேட முடியாது.

அம்மா அந்தக் குறையைத் தானே தீர்த்துக்கொண்டார். வீடு திரும்ப எந்த மேடைக்குப் போவது என்று நான் கவலைப்பட்டபோது அவர் சொன்னார்: “நடுவில சின்னக் கோடு போட்டிருக்கிற பெயர் எங்கட வீடு. கோடில்லாதது மற்றப் பக்கம்.” செயின்ட்-மிஷேல் என்பதில் இரண்டு சொல்லுக்கும் நடுவே இணைப்புக்குறி உண்டு, ஸ்னோடனில் இல்லை. வடிவமைத்த எவரும் படக்குறியாக நினைத்திராத ஒரு சிறு கோட்டை அம்மா படக்குறியாக்கினார். முப்பத்தைந்து வருடமாக அது அவரைக் கைவிட்டதில்லை.

*

இப்போது ‘ஒருமை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒரு நிறுவனத்தின் படக்குறிகள் ஒருமையோடு இருக்கவேண்டும் என்பது வடிவமைப்புக் கல்வியின் முதல் பாடம். எல்லாக் குறிகளும் ஒரே அளவுக் கட்டத்துக்குள் வரையப்படவேண்டும். கோட்டின் தடிப்பு ஒன்றாக இருக்கவேண்டும். மூலை வளைந்தால் எல்லாவற்றிலும் வளையவேண்டும். ஒன்று நேரே பார்த்தால் இன்னொன்று சரிந்து பார்க்கக்கூடாது. இவை நல்ல விதிகள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியவேண்டும் அல்லவா?

ஆனால் இங்கே இரண்டு ஒருமைகள் ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று தோற்றத்தின் ஒருமை: எல்லாக் குறியும் ஒரே சாயல். மற்றது பொருளின் ஒருமை: ஒரு குறி எங்கே வந்தாலும் ஒரே பொருள், ஒரு பொருளுக்கு எங்கேயும் ஒரே குறி. முதலாவது நிறுவனத்தை நினைவில் வைக்க உதவுகிறது. இரண்டாவது வாசிப்பவருக்கு உதவுகிறது. இரண்டும் சேர்ந்து நடக்கலாம். மோதும்போது எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதில்தான் நிறுவனத்தின் குணம் தெரிகிறது.

ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். 1972 மியூனிக் விளையாட்டுகளுக்காக ஒட்ல் ஐக்கர் குழுவினர் வரைந்த படக்குறிகள் ஒரு கட்டத்தில் அமைந்தவை. கைகாலெல்லாம் நேர்கோட்டிலோ சாய்வுக் கோட்டிலோ ஒரே தடிப்பில் நிற்கும். தோற்றம் ஒன்று, ஆனால் நீந்துபவனையும் ஓடுபவனையும் பார்த்த கணத்தில் பிரித்தறியலாம். நான்கு வருடத்துக்குப் பின் 1976-இல் மொன்றியல் புதிதாக வரையவில்லை; பெரும்பாலும் அவற்றையே எடுத்துக்கொண்டது. உலகம் பழகிய குறியை எங்கள் ஊருக்காக ஏன் மாற்றவேண்டும் என்ற அடக்கம் அதில் இருந்தது. செயின்ட்-மிஷேலில் இருந்து தெற்கே பி-நெஃப் வீதி வழியே போனால் அந்த ஒலிம்பிக் அரங்கு இன்றும் நிற்கிறது.

பரிஸ் 2024-க்கு வருவோம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் பழைய குலமரபுச் சின்னம் போன்ற ஒரு வடிவம். மனித உருவம் கிடையாது. கருவிகளும் ஆடுகளமும் ஓர் அச்சின் இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போலச் சமச்சீராக அடுக்கப்பட்டன. சட்டைக்கும் சுவரொட்டிக்கும் அழகான கோலங்கள். தோற்ற ஒருமையில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எது என்ன விளையாட்டு என்று பார்த்தவுடன் சொல்வது கடினம். இது குடும்ப ஒற்றுமைக்காகப் பிள்ளைகளின் முகத்தை அழித்த கதை. 2020-இல் கூகுள் தன் ஜிமெயில், நாட்காட்டி, டிரைவ் முதலியவற்றின் சின்னங்களை அதே நான்கு நிறத்தில் மாற்றியமைத்தபோதும் இதுவே நடந்தது. கம்பனி எது என்று தெரிந்தது. கைபேசித் திரையில் எதை அழுத்துவது என்பதில் விரல் தயங்கியது.

*

இவற்றையெல்லாம் நான் பிறத்தியாருக்குச் சொல்லும் விமர்சனமாகத்தான் வைத்திருந்தேன், போன ஐப்பசி வரை. அக்காவின் மகள் வடிவமைப்புப் படித்தவள். நம்மவர்கள் நடத்தும் ஓர் உணவு நிறுவனத்துக்கு அவள் புதிய அடையாளக் கையேடு தயாரித்தாள். சம்பல், மா வகை, மிக்சர் விற்கும் நிறுவனம். அச்சுக்குப் போகுமுன் மாமாவிடம் ஒரு அபிப்பிராயம் கேட்கலாம் என்று மாதிரிப் பொட்டலங்களோடு செயின்ட்-மிஷேலில் அம்மாவின் குசினிக்கு வந்தாள்.

பழைய நிலைமையை முதலில் சொல்லவேண்டும். பலகையில் குத்துவிளக்கு, பையில் யாழ், விலைச்சீட்டில் பனைமரம், வாட்ஸ்அப்பில் மயில். ஒவ்வொன்றும் இணையத்தில் எங்கிருந்தோ எடுத்தது. ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு, ஒன்று நிழல் போட்டது. நம் கடைகளில் இது வழமை. ஏழைமையின் அடையாளம் என்று நான் இதைச் சொல்லமாட்டேன். தமிழர் என்று காட்டும் எதையும் விட மனமில்லாத பதற்றத்தின் அடையாளம். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லப் போய் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை.

மருமகள் அதைச் சுத்தமாக்கியிருந்தாள். நாற்பது பக்கக் கையேடு. இருபத்துநான்கு பிக்சல் கட்டம், இரண்டு பிக்சல் கோடு, எல்லா மூலையும் ஒரே வளைவு, இரண்டே நிறம். யாழ் மட்டும் நிறுவனத்தின் அடையாளமாக நின்றது. மிளகாயும் இலையும் கிண்ணமும் அடுப்பும் ஒரே கையால் வரைந்ததுபோல் அமைந்திருந்தன. உண்மையாகவே எனக்குப் பெருமையாக இருந்தது. நம் ஆட்களின் பொட்டலம் எந்தப் பெரிய கடையின் தட்டிலும் கூசாமல் நிற்கும்.

ஒன்றிரண்டு சொன்னேன். பண்டிகை விற்பனைக்குக் குத்துவிளக்குப் படம் போட்டிருந்தாள். தீபாவளிக்குச் சரி, நத்தாருக்கும் பெருநாளுக்கும் அதே விளக்கா என்று கேட்டேன். அவள் எழுதிக்கொண்டாள். சில இடத்தில் குறிகள் வெறும் கோடாகவும் சில இடத்தில் உள்ளே நிறம் நிரப்பியும் இருந்தன. கைபேசியில் பழகியவர்கள் நிரப்பிய குறியை ‘தெரிவுசெய்யப்பட்டது’ என்று வாசிப்பார்கள். அழகுக்காக மாற்றி மாற்றிப் போட்டால் இல்லாத பொருள் ஒன்று உள்ளே வந்துவிடும் என்றேன். அதற்கும் தலையாட்டினாள்.

அப்போது அம்மா ஒரு மாதிரிப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். சீனிச்சம்பல். கந்தசஷ்டி விரதம் நடந்துகொண்டிருந்த நாள்.

“இது நல்லதாப் போச்சு. இலை போட்டிருக்கு, மரக்கறிதானே. இரவுக்கு எனக்கு ஒண்டு வைச்சிட்டுப் போ மோனை.”

மருமகள் என்னைப் பார்த்தாள். பிறகு பொட்டலத்தைத் திருப்பி வாசித்தாள். அந்தச் சம்பலில் மாசிக்கருவாடு இருக்கிறது.

“அம்மம்மா, அந்த இலை... பை மக்கிப் போகும் எண்டதுக்கு.”

“அப்ப மற்றதில போட்டிருக்கிற இலை?”

மற்றப் பொட்டலத்தில் இலை சைவம் என்பதைக் குறித்தது. மூன்றாவதில் கறிவேப்பிலை சேர்ந்தது என்பதைக் குறித்தது. மூன்றும் ஒரே இலை, அச்சொட்டாக ஒரே வளைவு, ஒரே நடுநரம்பு. கையேட்டின் எந்த விதியும் மீறப்படவில்லை. தோற்றத்தின் ஒருமை எவ்வளவுக்குக் கச்சிதமாக இருந்ததோ அவ்வளவுக்கு ஏமாற்றம் கச்சிதமாகியது. பழைய கந்தல் பொட்டலமாக இருந்திருந்தால் மூன்று இலையும் மூன்று விதமாக இருந்திருக்கும். அம்மா சந்தேகப்பட்டு யாரையாவது கேட்டிருப்பார். ஒழுங்கு அவரை நம்பவைத்தது.

அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “மாமா, ஐகன் எல்லாம் ஒண்டா இருக்கோணும் எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சவை. ஒரு ஐகனுக்கு ஒரு அர்த்தம் எண்டு ஒரு பட்டியல் போடச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்ல” என்றாள். அவள் சொன்னது அவளுடைய தவறை மூடுவதற்காக அல்ல. பாடநூல்களில் கட்டமும் தடிப்பும் முன்னால் நிற்கின்றன, அளக்க முடிவதால். பொருளை அளக்கக் கோல் இல்லை. அதற்கு யாரையாவது குசினியில் இருத்திக் கேட்கவேண்டும்.

அம்மா அதற்குள் தன் ஐயாவின் பட்டிக்குப் போய்விட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. மாடு விற்கும்போது விதானையார் எழுதும் துண்டிலும் அந்தக் குறி இருக்கும். ஒருமுறை அவர் சின்னப் பிள்ளையாய் இருக்கும்போது, குறி வடிவில்லை, இன்னும் வடிவாகச் செய்வோம் என்று ஐயாவிடம் கேட்டாராம். ஐயா சொன்ன பதிலை அம்மா அப்படியே சொன்னார்: “களவெடுத்தவன்தான் பிள்ளை குறியை மாத்துவான்.”

திருட்டு மாட்டின் பழைய குறிக்கு மேலே இன்னும் இரண்டு கோடு இழுத்துச் சுட்டு வேறு குறியாக்குவது களவின் பழைய உத்தி. ஆகவே பட்டிக்காரருக்குக் குறி மாறாதிருப்பது அழகுப் பிரச்சினை அல்ல, அது நாணயம்.

அதற்காக எதையும் மாற்றவே கூடாது என்று நான் வாதிடவில்லை. இந்தியாவில் இருந்து வரும் பொட்டலங்களில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி பார்த்திருப்பீர்கள்: சைவம். அதே வடிவில் மண்ணிறப் புள்ளி வந்தால் அசைவம். தோற்ற ஒருமைக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. நிறம் மட்டுமே வித்தியாசம். பச்சையையும் மண்ணிறத்தையும் பிரித்தறியாத கண்களுக்கு இரண்டும் ஒரே குறி. பிறகு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அசைவப் புள்ளியை மண்ணிற முக்கோணமாக மாற்றியது. சோடிப் பொருத்தம் கொஞ்சம் கெட்டது. வாசிப்பவர் காப்பாற்றப்பட்டார். மாற்றம் யாருக்காக என்பதே கேள்வி. நிறுவனத்துக்கு அலுத்துப்போனதற்காக மாற்றுவதும், ஒருவர் வாசிக்க முடியாமல் தடுமாறுகிறார் என்பதற்காக மாற்றுவதும் ஒன்றல்ல.

*

அன்று மாலை மூவரும் நடக்கப் போனோம். செயின்ட்-மிஷேலில் நடக்கப் போவதென்றால் ஃபிரெடெரிக்-பாக் பூங்காதான். ஒரு காலத்தில் அது மிரோன் கற்குழி. இந்த நகரத்தின் சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய இடம். பிறகு அதே குழி நகரத்தின் குப்பையைத் தாங்கியது. வெடிச் சத்தம், தூசி, மணம் என்று இப்பகுதி மக்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். இன்று மேலே புல்வெளி. புல்வெளியெங்கும் வெள்ளை உருண்டைகள், எல்லாம் ஒரே வடிவம், இருட்டில் மெல்ல ஒளிர்பவை. பக்கத்தில் சூரியனைத் தன் அடையாளமாகக் கொண்ட சிர்க் டு சொலெய் நிறுவனத்தின் தலைமையகம் 1997 முதல் இருக்கிறது.

அந்த உருண்டைகள் ஒவ்வொன்றும் ஒரு வாயுக் கிணற்றின் மூடி. கீழே புதைந்த குப்பையில் இருந்து எழும் வாயுவை எடுக்கிறார்கள். தோற்ற ஒருமை உண்டு. பொருளின் ஒருமையும் உண்டு, ஏனென்றால் எந்த உருண்டையின் கீழும் அதே வாயுதான். ஆனாலும் அவற்றைப் பார்ப்பவர்கள் சிற்பம் என்று நினைக்கிறார்கள், பிள்ளைகள் வேற்றுலகத்து முட்டை என்கிறார்கள். பொருள் அமைத்தவர்களிடம் இருக்கிறது; சொல்லித் தந்தால் ஒழியப் பார்ப்பவரிடம் வருவதில்லை. குறி மாறாதிருந்தால் மட்டும் போதாது, அதன் பொருள் இரு பக்கத்தாருக்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்று எனக்கு அங்கேதான் தோன்றியது. இல்லாவிட்டால் அழகான ஒருமை ஒரு நல்ல மூடி மட்டுமே.

இதற்கு எதிர்மாறான ஒன்றை வீடு திரும்பும் வழியில், நிலையத்துக்குள் நின்று கேட்டோம். எம்.ஆர்.-73 வகைப் பழைய வண்டிகள் புறப்படும்போது மூன்று சுரம் எழும். எந்த இசையமைப்பாளரும் அதை ஆக்கவில்லை. மோட்டருக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கருவியின் சத்தம் அது. மொன்றியல்காரர் அதைத் தங்கள் நகரத்தின் குரலாகவே கேட்டுப் பழகினார்கள். பிறகு வந்த அசுர் வண்டிகளில் கதவு மூடுவதை அறிவிக்க நிறுவனம் அதே மூன்று சுரத்தை எடுத்துக்கொண்டது. மக்கள் முதலில் வாசித்தார்கள், நிறுவனம் பின்னால் கையெழுத்திட்டது. கையேட்டில் தொடங்காத குறிகளில் சில மிக நல்லவை.

மருமகள் கையேட்டைத் திருத்தினாள். முன்பக்கத்தில் ஒரு பட்டியல் வந்தது: ஒவ்வொரு குறிக்கும் எதிரே ஒரு பொருள், தமிழிலும் பிரெஞ்சிலும். இலை என்றால் சைவம், வேறெதுவும் இல்லை. மக்கும் பைக்குப் படமே வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும் என்று முடிவு. மீன் சேர்ந்த பொட்டலத்தில் மீன் வந்தது. நிறுவனத்தின் முதலாளிக்கு மீன் படம் பிடிக்கவில்லை, அந்தப் பக்கம் பாரமாகத் தெரிகிறதாம். இதை எழுதும்போதும் அவள் அவரோடு வாதிட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் வெல்லவேண்டும்.

எனக்கு இப்போது இன்னொரு கவலை. நீலக் கோட்டைக் கிழக்கே நீட்டுகிறார்கள்: ஐந்து புதிய நிலையங்கள், ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர், 2031-இல் திறக்கத் திட்டம். 2025-இல் பெயர்களை அறிவித்தார்கள். செயின்ட்-மிஷேலுக்கு அடுத்த நிலையம் வெர்த்தியேர். 1803-இல் ஹெயிற்றியின் அடிமைகள் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த கடைசிப் போர்க்களத்தின் பெயர் அது. ஹெயிற்றி மக்கள் இவ்வளவு பேர் வாழும் பகுதியில் அது நியாயமான பெயர்; நம் அயலவரின் மகிழ்ச்சியில் நமக்கும் பங்கு உண்டு. இந்த மாற்றம் வாசிப்பவர்களுக்காக நடக்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் கோட்டின் கடைசி நிலையம் இனி ஆன்ஜு. ஸ்னோடன் தொடங்கி எல்லா மேடையிலும் கிழக்குத் திசைப் பலகை மாறும். செயின்ட்-மிஷேல் என்ற பெயர் திசையைக் காட்டும் வேலையில் இருந்து ஓய்வுபெறும். ஆன்ஜுவிலும் இணைப்புக்குறி இல்லை, ஸ்னோடனிலும் இல்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு. போன கிழமை இதை அவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

“அம்பு அப்பிடியே இருக்குமே?”

“அம்பு இருக்கும் அம்மா.”

“அப்ப இறங்கிறதில பிரச்சினை இல்லை. கீழ போய் நிண்டு, எந்தப் பக்கம் எண்டு ஆரையும் கேப்பம்.”